தண்ணி இல்லைன்னு சொன்ன கண்ணாயிரம்

எங்க வூட்டுக்காரரு பேரு கண்ணாயிரம். புருஷன் பேரச் சொல்லக்கூடாதும்பாங்க. நான் சொல்லுவேன். கல்யாணம் கட்டிக்கினு வந்த நாள்லருந்து அந்த மனுஷனோட மல்லுக்கட்டிக்கினு இருக்கறேன், பேரச் சொல்றதுக்குக் கூடவா எனக்கு உரிமை இல்ல? என் பேரு விஜயலட்சுமி. பொறந்த வூடு எலவனாசூர்கோட்டை. வாக்கப்பட்ட ஊரு கள்ளக்குறிச்சிக்கு மேக்கால. வாசல்ல நின்னா கல்வராயன் மலை கண்ணுக்கு நேரா தெரியும். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தின்னு ஊருல சொல்லுவாங்க. சொல்றவங்க எங்க வூட்டுக்காரரு பேசிக் கேட்டதில்ல போல.

அவரு ஊருல யாரோடவும் சண்டைக்குப் போவமாட்டாரு. கொழம்புல உப்பு கம்மியா இருந்தாக்கூட ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுட்டு எழுந்து போயிடுவாரு. ஆனா பேண்ட் சட்டை போட்டுக்கினு, கையில ஃபைல வெச்சிக்கினு எவனாச்சும் ஜீப்ப விட்டு எறங்கட்டும், அப்ப பாக்கணும் எங்க ஆளை! தோள்ல கெடக்கற துண்டு தானா இடுப்புக்கு வந்துடும். முதுகு வளைஞ்சிடும். "ஐயா, குடி முழுகிப் போச்சிங்க ஐயா"ன்னு எடுத்தாருன்னா, சாவு வூட்டுல மாரடிக்கற பொம்பளைங்க வந்து இவருகிட்டப் பாடம் படிக்கணும். கண்ணுல தண்ணி வேற வரும். எங்கருந்துதான் வருமோ.

அதனாலயே ஊருல மனு குடுக்கணும்னா, வறட்சி நிவாரணம் எழுத ஆள் வந்தாங்கன்னா, "கூப்பிடு கண்ணாயிரத்தை"ம்பாங்க. ஒரு வருஷம் மழை பொய்ச்சிப் போயி கணக்கெடுக்க வந்தாங்க. எங்க வயலு கெணத்துப் பாசனம், கரும்பு பச்சப்பசேல்னு நிக்குது. இவரு அந்த ஆபீசரை எங்க வயலுக்கா இட்டுக்கினு போவாரு? பக்கத்துல காஞ்சி வெடிச்சிக் கெடக்கற மேட்டு நெலத்துக்கு இட்டுக்கினு போயி, அந்த மண்ணை ரெண்டு கையாலயும் அள்ளி, "இது மண்ணு இல்லைங்க ஐயா, என் வயிறு"ன்னாரு. அந்த ஆபீசரு கர்ச்சீப்ப எடுத்துக் கண்ணைத் தொடச்சிக்கினாரு. எனக்குச் சிரிப்பு தாங்காம வரப்புக்கு அந்தாண்ட போயி குந்திக்கினேன்.

நீங்க அவரைப் பித்தலாட்டக்காரன்னு நெனச்சிடக் கூடாது. நெனச்சா எனக்குக் கோவம் வரும். எங்க மாமனாரு சாவறப்ப வுட்டுட்டுப் போன நெலம் கொஞ்சம்தான். இவரு எட்டாவது வரைக்கும் படிச்சாரு. அப்பறம் பெங்களூருல கட்டட வேலைக்குப் போயி கல்லு சுமந்தாரு. "எத்தினி மாடி கட்டினேன் தெரியுமாடி, ஒரு மாடியிலயும் ஒரு நாள் படுத்ததில்ல"ன்னு சிரிச்சிக்கினே சொல்லுவாரு. திரும்பி வந்து பயிரு வெச்சாரு. ஒரு வருஷம் புயல் அடிச்சிக் கரும்பு அத்தினியும் படுத்துடுச்சி, ஒரு நாயும் வந்து எட்டிப் பாக்கல. இன்னொரு வருஷம் மலைத்தண்ணி வந்து நாத்தை அடிச்சிக்கினு போச்சி, அதுக்கும் எவனும் வரல. நெஜமா அழுவ வேண்டிய நாள்ல கேக்க ஆள் இல்ல. அதனால ஆள் வர்ற நாள்ல, வராத வருஷத்துக்கும் சேத்து வெச்சி அழுதுடறது. இது எங்க ஊரு வழக்கம். நெலம் வெச்சிருக்கறவன் எல்லாரும் அப்படித்தான், இவரு கொஞ்சம் நல்லா அழுவாரு, அவ்ளோதான்.

இதுல வந்த வெனையத்தான் சொல்ல வர்றேன்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சில்ல, அப்ப எங்க பக்கம் நெலத்துக்கு வந்துச்சி பாரு ஒரு கிராக்கி. மெட்ராஸ்லருந்து ஒரு கம்பெனிக்காரன் வந்து, எங்க ஊருக்கு மேக்கால மாந்தோப்பு, தரிசாக் கெடந்த கரம்பு எல்லாத்தையும் வளைச்சி வாங்கிட்டான். தனி வூடு, மாடி வூடு, ஸ்கூலு, கடைங்க எல்லாம் உள்ளயே கட்டி ஒரு ஊரையே கொண்டாந்து எறக்கப் போறானாம். கட்டிட்டுப் போவட்டும், நமக்கு இன்னா? ஆனா அந்த எடத்துக்கு நடுவால எங்க பெரியோடை போவுது.

பெரியோடையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன். மலையில மழை பேஞ்சா எங்களுக்கு ஓடையில தண்ணி வரும். ஐப்பசி, கார்த்திகையில ஆள் எறங்க முடியாது. தை பொறந்தா மேலால தண்ணி நின்னுடும். மாசியில பாத்தா வண்டிப் பாதையான்னு கேப்பீங்க, வெறும் மணலு, ஆடு மேஞ்சிக்கினு இருக்கும். ஆனா மணலுக்கு அடியில தண்ணி போய்க்கினே இருக்கும். எங்க ஏரி ரொம்பறது அதாலதான். ரெண்டு கரையிலயும் இருக்கற கெணறுங்க ஊறுறதும் அதாலதான். காலனிக்காரங்க குடிக்கற தண்ணியே அந்த ஓடை ஊத்துதான். ஓடைய மூடினா ஊரை மூடின மாதிரி.

கொரோனா வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஒரு மாசி மாசம், பையை மாட்டிக்கினு சின்னப் பசங்க வந்தாங்க. ஸ்கூலு மாடி மேல ஒரு மிஷினை வெச்சாங்க. காத்துல இருக்கற தூசியைப் புடிக்குமாம். தெருத்தெருவா போயி, இன்னா பயிரு வெக்கறீங்க, கெணத்துல எவ்ளோ தண்ணி, ஓடையில எப்பத் தண்ணி வரும்னு கேட்டு எழுதிக்கினாங்க. அவங்கள்ல ஒருத்தன் பேரு தமிழழகன். திருநாவலூரு பக்கத்துப் பையன். நல்ல மரியாதை. எதுக்குப்பா எழுதறேன்னு இவரு கேட்டாரா? கேக்கல. ஃபைலைப் பாத்தாரு, துண்டு எறங்கிடுச்சி.

"கெணறா? அது காஞ்சி வருஷக் கணக்கு ஆவுதுங்க தம்பி. ஓடையா? அதுல தண்ணிய எங்க தாத்தா பாத்ததோட சரி. வானம் பாத்த பூமிங்க, நாங்க உசுரோட இருக்கறதே பெரிய சங்கதி."

நானு உள்ளருந்து மோர் கொண்டாந்து குடுத்தேன். எந்தக் கெணறு காஞ்சி போச்சின்னு சொன்னாரோ, அந்தக் கெணத்துத் தண்ணியில கரைச்ச மோரு. அந்தப் பையன் குடிச்சிட்டு, "தண்ணி இனிப்பா இருக்குதுங்கம்மா"ன்னான். எங்க வூட்டுக்காரரு மொகம் கொஞ்சங்கூட மாறல. வூட்டுக்கு வூடு இதே பாட்டுதான் நடந்திருக்குது. ஊரே சேந்து, எங்களுக்கு ஓடை இல்ல, ஊத்து இல்ல, ஒரு சொட்டு இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டோம். அப்பறம் நிவாரணம் எப்ப வரும்னு காத்துக்கினு வேற இருந்தோம்.

கொரோனா அடங்கினப்பறம் கம்பெனிக்காரன் ஓடையில சுண்ணாம்புல கோடு போட்டான். கல்லு நட்டான். "இங்க ரோடு வருது"ன்னான் வாட்ச்மேன். எங்க பொண்ணு செந்தமிழ்ச்செல்வி மெட்ராஸ்ல வேற ஒரு கம்பெனியில வேலை பாக்கறா. அவகிட்ட போன்ல சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சி அவளே கூப்பிட்டா.

"அம்மா, இவ்ளோ பெருசா கட்டறதுன்னா சும்மா கட்ட முடியாது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும். இருபதாயிரம் சதுர மீட்டருக்கு மேல போனாலே வாங்கணும். கட்டறதால சுத்துப்பட்டுல தண்ணிக்கு இன்னா ஆவும், சனங்களுக்கு இன்னா ஆவும்னு அளந்து அறிக்கை குடுத்து, இங்க இருக்கற கமிட்டி பாத்து சரின்னு சொல்லணும்."

"அப்படிப் போடு! கமிட்டி இதைச் சரின்னு சொல்லுமா?"

"சொல்லிடும் போலருக்குதும்மா. அறிக்கை இண்டர்நெட்ல இருக்குது, படிச்சேன். அந்த எடத்துல நீரோடை எதுவும் இல்ல, கெணறுங்க எல்லாம் காஞ்சி போச்சி, கட்டடம் வர்றதால யாருக்கும் பாதிப்பு இல்லைன்னு எழுதி இருக்குது."

"எந்தக் கட்டையில போறவன் அப்படிச் சொன்னான்?"

"அப்பாதாம்மா. பேரு போட்டிருக்குது."

அந்தப் பசங்க நிவாரணத்துக்கு எழுத வந்தவங்க இல்ல. இந்த அறிக்கைக்கு எழுத வந்தவங்க. அவங்க பொய் எழுதல, நாங்க சொன்னதை எழுதி இருக்காங்க. அவங்க வந்த மாசத்துல ஓடையும் வெறும் மணலாத்தான் கெடந்துச்சி. நாங்களே எங்க கையால ஓடைக்குக் குழி வெட்டி இருக்கறோம்.

"ஊரைக் கூட்டிக் கேக்கமாட்டாங்களா?"ன்னேன். "ஃபேக்டரி, கல்குவாரின்னா கருத்துக் கேட்புக் கூட்டம் போடுவாங்க. வூடு கட்டறதுக்கு அது கெடையாதும்மா"ன்னா. அவளே கமிட்டிக்கு, நேர்ல வந்து பாருங்கன்னு ஒரு மெயில் போட்டா.

அன்னிக்கு எங்க வூட்டுக்காரரைத் திட்டினேன் பாருங்க, அப்படி எப்பவும் திட்டினதில்ல. "அழுவறதுக்கு மின்னாடி எதுக்குன்னு கேக்கமாட்டியா மனுஷா? ஜீப்ப பாத்தாப் போதுமா? உன் வாயில கரையான் அரிக்க"ன்னேன். அவரு சாப்பிடக் குந்தினாரு. சோத்துல கைய வெச்சாரு, எடுத்துட்டாரு. பொழுதோட கெணத்தாண்ட போயி நின்னாரு.

மறுநாளு திரௌபதி அம்மன் கோயிலாண்ட ஊரு கூடுச்சி. "நாம சொன்னது பொய்யின்னு எழுதிக் குடுத்துடலாம்"னாரு இவரு. பழைய பிரசிடெண்டு தங்கதுரை எகிறிக் குதிச்சாரு. "யோவ் கண்ணாயிரம், புத்தி கெட்டுப் போச்சா? இப்பச் சொன்னது பொய்யின்னா, அப்ப நிவாரணம் வாங்கினதுக்குச் சொன்னதும் பொய்யான்னு கேப்பான். எல்லாத்தையும் திருப்பிக் குடுன்னு நோட்டீஸ் வரும். ஊரையே உள்ள வெச்சிடுவான்." எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. நெலம் இருக்கறவன் ஒருத்தனும் வாயைத் தொறக்கறதில்லைன்னு பேசி முடிச்சாங்க. ஓடை போயிடுமேன்னா, "கோர்ட்டுல பாத்துக்கலாம்"ங்கறாங்க. கோர்ட்டு கெடக்குது, கெணறு காஞ்சா அப்பறம் இன்னாத்தை வெச்சிக் கேஸ் நடத்தறது?

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துக்கினு இருந்த நேரம். எங்க சாதிக்குத் தனியா ஒதுக்கீடு குடுக்கணும்னு ஊரூரா மனு, ஊரூரா கூட்டம். எங்க ஊருலயும் சும்மா இல்ல. படிச்சிட்டு வேலை இல்லாம இருக்கற புள்ளைங்க எங்க தெருவுலயே எத்தினியோ. தை மாசக் கடைசியில டவுன்ல பெரிய ஆர்ப்பாட்டம்னு, விடியறதுக்குள்ள ஊரே வேன் ஏறுச்சி. கோஷம் போட இவரு கொரலு வேணும்னு தங்கதுரை வந்து கூப்பிட்டாரு. இவரும் சட்டையை மாட்டிக்கினு கெளம்பிட்டாரு. அந்நேரம் பாத்து செந்தமிழ்ச்செல்வி போன்.

"அம்மா, மெயில் வந்திருக்குது, கமிட்டிலருந்து இன்னிக்கே எடம் பாக்க வர்றாங்க. அப்பாவை எங்கயும் வுட்டுடாத."

ஓடிப்போயி வேன்ல ஏறப் போனவரு சட்டையப் புடிச்சி இழுத்தேன். பொத்தான் ஒண்ணு தெறிச்சிப் போச்சி. தங்கதுரைகிட்ட, எல்லாரும் எறங்குங்கன்னு கத்தினேன். "சாயந்தரம் பாத்துக்கலாம்மா"ன்னுட்டு வேன் போயே போச்சி. ஊருல அப்பறம் ஆம்பளைன்னு இருந்தது, நடக்க முடியாத கெழங்களும் எங்க ஆளும்தான்.

ரோடெல்லாம் கூட்டமா இருந்துச்சாம். கமிட்டி காரு உச்சி வெயில்லதான் வந்துச்சி. கண்ணாடி போட்ட ஒரு அம்மா, காலேஜில புரொபசரா இருந்தவங்களாம், அவங்களோட ரெண்டு பேரு. கூடவே கம்பெனி மேனேஜரு, கையில அந்த அறிக்கை. சுண்ணாம்புக் கோட்டாண்ட நிக்கறாங்க. நாங்க ரெண்டு பேரும் வேர்க்க விறுவிறுக்க போயி நின்னோம்.

மேனேஜரு எங்க ஆளைப் பாத்ததும் அவன் மொகத்துல வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே! "மேடம், நல்லவேளை. அறிக்கையில பேரு இருக்குதே, கண்ணாயிரம், இவருதான். நீங்களே கேட்டுக்குங்க"ங்கறான்.

அந்த அம்மா திரும்பி, "வணக்கங்க. இந்த ஓடையில தண்ணி வருமா?"ன்னாங்க.

வழியெல்லாம் சொல்லிச் சொல்லி இட்டாந்தேன். தண்ணி இருக்குதுன்னு சொல்லு, தண்ணி இருக்குதுன்னு சொல்லுன்னு. எங்க ஆளு அந்தம்மாவைப் பாத்தாரு. காரைப் பாத்தாரு. ஃபைலைப் பாத்தாரு. துண்டு எறங்குது! முதுகு வளையுது! "அம்மா, குடிமுழுகிப் போச்சிங்கம்மா, ஒரு சொட்டுத் தண்ணி..."

"யோவ்! வாய மூடுய்யா!"

மலையில போயி மோதித் திரும்பி வந்திருக்கும் என் சத்தம். அந்தம்மா பயந்து ஒரு அடி பின்னால போயிட்டாங்க. "எவன் குடிய்யா முழுகுச்சி? பழக்க தோஷத்துல உளறிக்கினு நிக்கற. இந்தத் தடவை நெஜமாவே முழுகப் போவுதுய்யா!"ன்னேன். எனக்கு அழுகை வந்துடுச்சி. ஓடை மணல்ல நின்னுக்கினு ஓன்னு அழுதேன்.

அவரு என்னையே பாத்தாரு. இடுப்புத் துண்டை எடுத்துத் தோள்ல போட்டாரு. நேரா நின்னாரு.

"அம்மா, நான் அன்னிக்குச் சொன்னது பொய்யிங்க. கெணத்துல தண்ணி இருக்குது. ஓடையிலயும் வருது. வறட்சி நிவாரணத்துக்கு எழுத வந்தவங்கன்னு நெனச்சி அப்படிச் சொல்லிட்டேன். ஊரே அப்படித்தான் சொல்லுச்சி. மத்தவங்களை வுட்டுடுங்க, இன்னா தண்டனைன்னாலும் எனக்குக் குடுங்க. ஓடைய மட்டும் மூட வெக்காதீங்க."

மேனேஜரு சிரிச்சான். "இப்ப யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க மேடம்."

அந்தம்மா சிரிக்கல. "ஐயா, அன்னிக்குப் பொய் சொன்னேன்னு நீங்களே சொல்றீங்க. இன்னிக்குச் சொல்றது நெஜம்னு நான் எப்படி எழுதறது?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதானே? எங்க கெணத்தை வந்து பாருங்கன்னு இட்டுக்கினு போயி காட்டினோம். தண்ணி நல்லாத் தெரிஞ்சிது. "மழை பேஞ்சி முடிஞ்ச நேரம், எந்தக் கெணத்துலயும் இருக்கும் மேடம். ஓடைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல"ன்னான் மேனேஜரு. மறுபடியும் ஓடைக்கே வந்தோம். வெறும் மணலு வெயில்ல காயுது. எனக்கு நம்பிக்கை போயிடுச்சி.

அப்ப குஞ்சம்மா கொடத்தை எடுத்துக்கினு ஓடையில எறங்கி வந்தா. காலனிக்காரி, எங்க வயல்ல களை எடுக்க வர்றவ, வயசானவ. நாங்க நிக்கறதைப் பாத்து ஒதுங்கினா. அந்தம்மா, "நீங்க எங்கம்மா போறீங்க?"ன்னு கேட்டாங்க.

"தண்ணிக்குங்க."

"இங்க எங்க தண்ணி?"

"இங்கதாங்க. ஊத்துத் தோண்டி எடுப்போம்."

மேனேஜரு முந்திக்கினு, "இவங்களும் இந்த ஊருதான் மேடம், எல்லாம் ஒண்ணாப் பேசி வெச்சிக்கினு..."ன்னு இழுத்தான். குஞ்சம்மாவுக்கு ரோஷம் வந்துடுச்சி.

"நாங்க எதுக்கு சாமி பேசி வெச்சிக்கறோம்? எங்களுக்கு நெலமா நீச்சா? மழை வந்தாலும் நிவாரணம் இல்ல, வரலைன்னாலும் நிவாரணம் இல்ல. எங்க தெருவுக்கு எவன் வந்து எழுதினான்? தண்ணி இல்லைன்னு பொய் சொன்னா எங்களுக்கு இன்னா வந்துடப் போவுது?"

அந்தம்மா மேனேஜரு பக்கம் திரும்பினாங்க. அறிக்கையை வாங்கிப் பொரட்டினாங்க. "காலனியில யாரையும் கேக்கவே இல்லையா?"ன்னு மேனேஜரைக் கேட்டாங்க.

குஞ்சம்மா அதுக்குள்ள குந்திக்கினு மணலைத் தோண்ட ஆரம்பிச்சிட்டா. ஈர மணலு வந்துச்சி. இன்னும் தோண்டினா. சுத்திலும் மணலு சரிஞ்சி, நடுவுல கலங்கின தண்ணி ஊறுச்சி. அதைக் கொட்டாங்குச்சியால எறைச்சி எறைச்சி ஊத்தினா. அப்பறம் தெளிவாத் தண்ணி நின்னுச்சி. ஒரு வாய் குடிச்சிட்டு, மறுபடி மொண்டு அந்தம்மாகிட்ட நீட்டினா. அவங்க வாங்கிக் குடிச்சாங்க.

அடுத்தது எங்க ஆளு போயி குனிஞ்சி கைய ஏந்தினாரு. எங்க தெருவுல எவனும் குஞ்சம்மா கையால தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல. அவ தயங்கினா. "ஊத்து குஞ்சம்மா"ன்னாரு. குடிச்சிட்டு மொகத்தையும் கழுவிக்கினாரு.

அப்பறம்தான் அவருக்குச் சொல்ல வேண்டியது வாயில வந்துச்சி. "அம்மா, என்னை நம்ப வேணாங்க. மழைக்காலத்துல ஆள் அனுப்பி அளந்து பாருங்க. அப்பவும் இல்லைன்னா மூடிக்கட்டும்."

சாயந்தரம் ஊரு திரும்பி வந்து, எங்க ஆளைச் சுத்திக்கினு நாறடிச்சாங்க. தங்கதுரை, "மாட்டிக்கினோம், எல்லாரும் மாட்டிக்கினோம்"னு தலையில கைய வெச்சிக்கினாரு. கொஞ்ச நாளைக்கு எந்த வண்டி சத்தம் கேட்டாலும் எனக்கு நெஞ்சு திக்குனு இருக்கும், நோட்டீஸ்தான் வருதோன்னு. ஒரு நோட்டீசும் வரல. வந்தது கமிட்டி சொன்ன பதில்தான். செந்தமிழ்ச்செல்வி போன்ல படிச்சா: அறிக்கை செல்லாது, மழைக்காலத்துல மறுபடி அளக்கணும், காலனியிலயும் கேக்கணும், அது வரைக்கும் ஓடையில ஒரு கல்லு நடக்கூடாது. போனை வெச்சிட்டு நானு கூடத்துலயே கால நீட்டிப் படுத்துட்டேன். அப்படி ஒரு தூக்கம் எத்தினி மாசத்துக்கு அப்பறம்!

ஐப்பசியில மறுபடி அளக்க வந்தது அதே தமிழழகன். காலையில மொழங்கால் தண்ணி. ஜீப்ப அந்தாண்ட கரையில வுட்டுட்டு, பேண்டைச் சுருட்டிக்கினு இந்தாண்ட வந்தான், கூட ஒருத்தன். காலனிக்குப் போயி எழுதினாங்க, கெணறுங்களைப் பாத்தாங்க. மலையில கும்முன்னு இருட்டிக்கினு மழை கட்டுச்சி. "தம்பி, போயிடு"ன்னு எங்க ஆளு சொன்னாரு. "இன்னும் ரெண்டு கெணறு இருக்குதுங்க"ன்னான். உச்சிப்பொழுதுக்கு ஓடை வந்துச்சி பாருங்க, மரமும் மட்டையுமா உருட்டிக்கினு, செவச்செவன்னு. ஊரே கரையில நின்னு பாக்குது. அவன் போன் அடிச்சிது. அவங்க ஆபீசு.

"சார், ஓடை இருக்குதா இல்லையான்னா கேக்கறீங்க? ஓடைக்கு இந்தப் பக்கம் நாங்க இருக்கோம் சார், அந்தப் பக்கம் ஜீப்பு இருக்குது. ...தாண்டி வர்றதா? நீங்க வந்து தாண்டிக் காட்டுங்க சார்!"

கரையில நின்ன சனம் சிரிச்ச சிரிப்பு இருக்குதே! தங்கதுரை சிரிச்சி சிரிச்சி இருமல் வந்து குந்திட்டாரு. அவன் அன்னிக்கு எழுதினதுதான் கமிட்டிக்குப் போச்சி. கம்பெனிக்காரன் கட்டடப் படத்தையே மாத்திப் போட வேண்டியதாப் போச்சி. ஓடையும் ரெண்டு கரையும் அப்படியே இருக்கணும், ஒரு செங்கல் வெக்கக்கூடாது. கட்டடம் எல்லாம் அந்தாண்ட மேட்டுக்குப் போயிடுச்சி. ஏரி ரொம்புது, எங்க கெணறு ஊறுது, காலனிக்கு ஊத்து இருக்குது. அந்த ஒதுக்கீடு வந்துச்சி, கோர்ட்டுல போச்சி, அந்தச் சண்டை இன்னும் ஓயல. ஓடை தப்பிச்சிடுச்சி.

அன்னிக்கு மத்தியானம் தமிழழகன் எங்க வூட்டுலதான் இருந்தான். நனைஞ்சி போயிட்டான்னு எங்க ஆளு லுங்கியக் குடுத்துக் கட்டிக்கச் சொன்னேன். சோறு போட்டேன். சாப்பிட்டுட்டு ஃபைல எடுத்து மடியில வெச்சிக்கினான். "ஐயா, உங்ககிட்டதான் கடைசியாக் கேக்கறேன். கெணத்துல தண்ணி எப்படிங்க இருக்குது?"

நானு அடுப்பாண்டருந்து திரும்பிப் பாத்தேன். எங்க ஆளு கை துண்டுக்குப் போச்சி. எனக்கு உசுரே நின்னு போச்சி. தொட்ட துண்டைத் தோள்லயே நல்லா இழுத்துப் போட்டுக்கினாரு.

"எழுதிக்கோ தம்பி. கை வுட்டு மொள்ளலாம், அவ்ளோ இருக்குது. கரும்பும் நல்லா இருக்குது. மாடு ரெண்டும் கறக்குது. பொண்ணு வேலையில இருக்கறா. எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல."

அந்தப் பையன் எழுதிக்கினு இருந்தான். ஃபைல வெச்சிக்கினு வந்த ஒருத்தன்கிட்ட, எங்களுக்குக் கொறை இல்லைன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லி நானு கேட்டது அதுதான் மொதத் தடவை. மொந்தானியால மொகத்தைத் தொடச்சிக்கினு, "இன்னொரு கரண்டி சோறு போடட்டா?"ன்னு அவரைத்தான் கேட்டேன்.

"போடு"ன்னாரு.